பொம்மைக் காருக்கு எந்த எண்ணெய்?



தலைப்பைப் பார்த்ததும், "இது சிறுவர் பகுதிக்குப் போக வேண்டியது, தவறி இங்கே வந்துவிட்டது" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதை எழுதுகிறவள் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், 1970களின் கடைசியில், அம்மாவோடு நிரையில் நின்று பால்மரம் வெட்டியவள். இன்று ஈப்போவுக்கு வெளியே ஒரு தாமானில் மகள் வீட்டில் இருக்கிறேன். எனக்கும் பொம்மைக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பேரனால் வந்த சம்பந்தம்தான்.

உங்கள் தாமானிலும் இப்படிப் பிள்ளைகள் இருப்பார்கள். சனி, ஞாயிறு மாலையில் கையில் ஒரு ரிமோட் பெட்டியை வைத்துக்கொண்டு, முழங்கை நீளமுள்ள காரைத் திடலில் விரட்டிக்கொண்டிருப்பார்கள். கடையில் பத்து வெள்ளிக்கு வாங்கி, இரண்டு நாளில் உடைந்துபோகும் சாமான் அல்ல அது. ஒவ்வோர் ஆணியையும் கழற்றி மாட்டலாம். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு ஷாக் அப்சோர்பர் உண்டு. அவற்றுக்குள்ளே எண்ணெய் உண்டு. "பொம்மைக் கார்" என்று சொன்னால் என் பேரனுக்குக் கோபம் வரும். "பொம்மை இல்லை பாட்டி, ஹாபி கார்" என்பான். ஆனாலும் என் வாயில் பொம்மைக் கார் என்றுதான் வருகிறது. அவன் மன்னித்துக்கொள்வான்.

அந்த எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சின்ன விஷயம்தான். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தில் எங்கள் வீட்டில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் பேச்சே நின்றுபோகும் நிலை வந்தது.

வீட்டில் நடந்த வழக்கு

பேரனுக்குப் பதினான்கு வயது. பள்ளி விட்டு வந்தால் கைப்பேசிதான் கதி என்று கிடந்தவன். எங்கள் தாமான் முனையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு ஒரு கூட்டம் சுற்றும். அந்தக் கூட்டத்தின் பக்கம் இவன் கண் போவதை நான் கவனித்து வந்தேன். பெற்றவர்களுக்குச் சொன்னால் பயப்படுவார்கள், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்போதுதான் அவன் சேர்த்து வைத்திருந்த தீபாவளிக் காசைக் கொடுத்து, தெரிந்த பையனிடம் இந்தக் காரைப் பழையதாக வாங்கி வந்தான். அன்றிலிருந்து அவன் மாலைப் பொழுது தாமானுக்குப் பின்னால் உள்ள பழைய தோட்டத்துத் திடலில் கழிந்தது. நான் மனத்துக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

ஆனால் கார் சரியாக ஓடவில்லை. அந்தத் திடல் உங்களுக்குத் தெரிந்த மாதிரிதான். தோட்டம் இருந்த காலத்தில் பந்து விளையாடிய இடம். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். ஒரு பக்கம் வீடுகள் வந்தன. நடுவில் எஞ்சிய துண்டு இது. செம்மண், பொடிக்கல், அங்கங்கே வேர் முண்டு, ஓரத்தில் லாலான் புல். அதில் இந்தக் கார் தவளை மாதிரித் துள்ளியது. ஒரு குழியில் விழுந்து எழுந்தால் மூன்று தரம் குதித்துவிட்டுத்தான் ஓடும். திருப்பத்தில் கவிழும்.

"எண்ணெய் தண்ணியா இருக்கு, கெட்டியாப் போடு" என்று கூட்டாளிகள் சொன்னார்கள். இவன் கடைக்குப் போய் 400 என்ற எண்ணெயைக் கேட்டான். அது இல்லை, 40 என்று போட்டது இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்றார் கடைக்காரர். இவனும் வாங்கி வந்து நான்கிலும் ஊற்றினான். துள்ளல் நின்றது. ஆனால் இப்போது வேறு சங்கடம். சின்ன வேரில் சக்கரம் பட்டால் போதும், கார் முழுவதும் கட்டைபோல் விறைத்து பக்கவாட்டில் தெறித்தது.

இன்னொரு புட்டி வேண்டும் என்று அப்பாவிடம் போய் நின்றான். என் மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வருகிறவர். "எண்ணெய்க்கு மேல எண்ணெய்! இந்த மாசம் முடியறதுக்குள்ள அது ஒழுங்கா ஓடலைன்னா வித்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். பையன் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். அவர் சொன்னதில் குற்றமில்லை. சம்பளத்தை எண்ணிச் செலவு செய்கிறவருக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் கார் போனால் பையன் மாலையில் எங்கே போவான் என்பது எனக்குத் தெரியும்.

ஸ்பிரிங் தாங்கும், எண்ணெய் அடக்கும்

மறுநாள் பேரனிடம் அந்த அப்சோர்பரைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாய். வெளியே ஸ்பிரிங். உள்ளே ஒரு கம்பி, அதன் முனையில் ஓட்டை போட்ட சின்ன வில்லை. குழாய் நிறைய எண்ணெய். சக்கரம் மேலே ஏறும்போது வில்லை எண்ணெய்க்குள் நகர்கிறது. நகர வேண்டுமானால் எண்ணெய் அந்த ஓட்டைகள் வழியாகப் புகுந்து மறுபக்கம் போக வேண்டும். அவ்வளவுதான் யந்திரம்.

இதில் ஸ்பிரிங்கின் வேலை வேறு, எண்ணெயின் வேலை வேறு. வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அமுக்கிய ஸ்பிரிங்கை விட்டால் அது துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவது எண்ணெய். எண்ணெய் வற்றிய கப்சாயில் தோட்டத்து மண் சாலையில் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடுப்பே சொல்லும்.

மோட்டார் சைக்கிளின் முன் கவட்டில் இப்படி எண்ணெயால் அடங்கும் குழாயை வைத்து, விற்பனைக்கு வந்த வண்டிகளில் முதன்முதலாக 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி கொண்டு வந்தது. பொம்மைக் கார் பக்கம் பார்த்தால், ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்துத் தமியா கம்பெனி 1976இல் போர்ஷே 934 என்ற ரிமோட் காரை வெளியிட்டது. 1979இல் அதே கம்பெனி மணலிலும் மேட்டிலும் ஓடக்கூடிய வண்டிகளைச் செய்தது. வழவழப்பான தரையில் ஓடிய கார் மண்ணில் இறங்கியதும்தான் அப்சோர்பர் எண்ணெய் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயமானது. மண் பாதையில் வண்டி ஓட்டுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2002இல் உலக ராலிப் பந்தயத்தின் புரொடக்ஷன் பிரிவில் புரோட்டோன் காரை ஓட்டிப் பட்டம் வென்றவர் நம் மலேசியர் கரம்ஜித் சிங் அல்லவா!

மெட்ரோலேக் கற்றுக்கொடுத்த பாடம்

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேரன் வாங்கி வந்த புட்டியைக் கையில் எடுத்தேன். 40 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. "இது எந்த அளவுடா?" என்று கேட்டேன். "நாப்பதுதான் பாட்டி" என்றான். "நாப்பது என்ன? நாப்பது ராத்தலா, நாப்பது கஜமா?" அவனுக்குப் பதில் தெரியவில்லை.

எனக்கு இந்தக் கேள்வி ஏன் வந்தது தெரியுமா? தோட்டத்தில் பால் நிறுத்த இடத்தில் நின்றவர்களுக்கு இது தானாக வரும். காண்டா வாளியில் பாலைச் சுமந்து கொட்டகைக்கு வருவோம். எத்தனை காலன் பால் என்பது மட்டும் கணக்கில்லை. கிராணி ஒரு மிதவையைப் பாலில் விடுவார். அதுதான் மெட்ரோலேக். அது எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்து, அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு இருக்கும் என்று எழுதுவார். நல்ல பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 வரை இருக்கும். மழைத் தண்ணீர் சேர்ந்தால் குறையும். அந்த எண்ணில்தான் எங்கள் அன்றைய சம்பளம் இருந்தது. ஒரே வாளிப் பாலுக்கு அம்மா மனத்தில் ஓர் எண் இருக்கும், ஏட்டில் வேறோர் எண் ஏறும். "எண்ணைப் பாக்காதே, எதை வச்சு அளந்தாங்கன்னு பாரு" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டு நடப்பார். படிக்காத அம்மா சொன்ன வார்த்தை அது.

பேரனைப் புட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கச் சொன்னேன். பொடி எழுத்தில் 500 சி.எஸ்.டி. என்று இருந்தது! அவன் கேட்டது 400. கைக்கு வந்தது 500.

இது கடைக்காரர் செய்த மோசடி என்று சொல்ல வரவில்லை. அவரும் அறியாமல் சொல்லியிருக்கலாம். நடந்தது என்னவென்றால், இந்த எண்ணெய்க்கு இரண்டு விதமாக எண் போடுகிறார்கள். ஒன்று சென்டிஸ்டோக்ஸ். சுருக்கமாக சி.எஸ்.டி. இது விஞ்ஞான அளவு. தண்ணீர் ஏறக்குறைய 1 சென்டிஸ்டோக்ஸ். ஆகவே 300 என்றால் தண்ணீரைப்போல் 300 மடங்கு ஓட மறுக்கும் திரவம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றொன்று "வெயிட்" என்று சொல்லும் எண். 30, 35, 40 என்று வரும். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உதாரணமாக, டீம் அசோசியேட்டட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கணக்கில் 30 என்பது 350 சென்டிஸ்டோக்ஸ், 35 என்பது 425, 40 என்பது 500. இன்னொரு கம்பெனியின் 30 வேறு இடத்தில் நிற்கும். மோட்டார் சைக்கிள் கவட்டு எண்ணெயிலும் இதே கதைதான். ஒரு கம்பெனியின் 10 மற்றொரு கம்பெனியின் 10க்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே வாசகர்களே, உங்கள் பிள்ளை எண்ணெய் வாங்கப் போகும்போது முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதுதான்: பெரிய எண்ணைப் பார்க்காதே, சென்டிஸ்டோக்ஸ் எவ்வளவு என்று பார். அது புட்டியில் இல்லாவிட்டால், அந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலைக் கேள். எப்போதும் ஒரே கம்பெனியின் எண்ணெயையே வாங்கு. அப்போதுதான் ஏற்றினோமா இறக்கினோமா என்பது தெரியும்.

வீட்டில் இருக்கும் எண்ணெய் ஆகாதா?

இந்தக் கேள்வியை என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. தையல் மெஷின் எண்ணெய் இருக்கிறது, மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் எண்ணெய் இருக்கிறது. எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ரப்பர் வளையம். அப்சோர்பரின் அடியில் கம்பி வெளியே வரும் இடத்தில், எண்ணெய் கசியாமல் இருக்க ஒரு சின்ன வளையம் இருக்கும். பேரனின் கூட்டாளி ஒருவன் மோட்டார் சைக்கிள் எண்ணெயை ஊற்றினான். சில நாளில் வளையம் உப்பி, கம்பி இறுகி நகராமல் போனது. உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஒரு சாதாரண ரப்பர் பேண்டை மோட்டார் எண்ணெயில் இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். உப்பிப் பெருத்து, இழுத்தால் அறுந்துபோகும். 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளிலிருந்து பேராக்கில் தொடங்கிய நம் ரப்பர், எல்லாவற்றையும் தாங்கும், மண்ணெண்ணெய் சாதியை மட்டும் தாங்காது. அதனால்தான் மோட்டார் வண்டிகளில் எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரைப் போடுகிறார்கள். என் மகள் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். எண்ணெய் தொடுகிறவர்களுக்கு நைட்ரைல் கையுறை ஏன் என்பது அவளுக்குத் தெரியும். நான் சொன்னதும், "ஓ, அதுதானா!" என்றாள்.

இரண்டாவது, வெயில். பொம்மைக் காருக்கு விற்பது சிலிக்கோன் எண்ணெய். இதன் நல்ல குணம், சூட்டில் அதிகம் இளகாது. 25 பாகையிலிருந்து 38 பாகைக்குச் சூடேறினால் சிலிக்கோன் எண்ணெயின் கெட்டித்தன்மை சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். சாதாரண மோட்டார் எண்ணெயோ ஏறக்குறையப் பாதியாகிவிடும். காலையில் ஒரு மாதிரி, மதியத்தில் வேறு மாதிரி ஓடும் காரை எப்படிச் சரிசெய்வது?

இந்த இடத்தில் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "நீங்க விடியக்காலையிலே மரம் வெட்டப் போனதும் இதுக்குத்தானா பாட்டி? வெயில் வந்தா பால் தண்ணியாயிடுமா?" இல்லையென்று சொன்னேன். அது வேறு காரணம். இரவெல்லாம் இலை வழியே நீர் போகாமல் மரத்துக்குள் அழுத்தம் நிறைந்திருக்கும். விடியலில் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியே விட, அழுத்தம் குறைந்து பாலும் குறையும். ஒன்றைப்போல் ஒன்று தோன்றினாலும் காரணம் வேறாக இருக்கலாம். அவன் கேள்வி கேட்டதே எனக்குச் சந்தோஷம்.

சமையல் எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துக் கம்பியை ஒட்டவைக்கும்.

நிலம், பாரம், வெயில்

எந்த எண்ணெய் என்பதை முடிவு செய்கிறவை மூன்று.

முதலாவது நிலம். வழவழப்பான தரை, கம்பளம் போட்ட பந்தயக் களம் என்றால் சற்றுக் கெட்டியான எண்ணெய். நம் திடல் போன்ற கரடு முரடான மண் என்றால் இளகிய எண்ணெய். சக்கரம் ஒவ்வொரு குழிக்கும் சட்டென்று இறங்கி ஏற வேண்டும், மண்ணை விட்டு எழும்பக்கூடாது. தண்ணீரில் கையை மெதுவாக அமிழ்த்தினால் சுகமாக இறங்கும். ஓங்கி அறைந்தால் சுளீர் என்று வலிக்கும். கெட்டியான எண்ணெயும், ஓட்டை சிறுத்த வில்லையும் அப்படித்தான். மெதுவாக அமுக்கினால் இறங்குகிறது. வேகத்தில் வேர் முண்டில் மோதினால் கல்லாக இறுகிவிடுகிறது. பேரனின் கார் தெறித்தது இதனால்தான்.

இரண்டாவது பாரம். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மண் கார்களுக்குப் பெரும்பாலும் 300 முதல் 500 சென்டிஸ்டோக்ஸ் வரை போதும். எட்டில் ஒரு பங்கு அளவுள்ள கனத்த வண்டிகளுக்கு அதைவிடச் சற்று மேலே போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது வெயில். பனிக்காலம் உள்ள நாடுகளில் பருவத்துக்குப் பருவம் எண்ணெயை மாற்றுவார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் குளிரூட்டிய கடைக்குள் கார் சரியாக அமர்ந்தது என்று நம்பி வாங்கிவிடக் கூடாது. திடலில், நீங்கள் ஓட்டும் நேரத்தில், அந்த வெயிலில் பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்து பார்த்தது

வாரத்தில் இரண்டு நாள் நான் வடை சுட்டு விற்கிறேன். அந்தக் காசில் அதே கம்பெனியின் 300 சென்டிஸ்டோக்ஸ் எண்ணெய் ஒரு புட்டி வாங்கிக்கொடுத்தேன். "இதுக்கு மேல இல்லை. ரெண்டு புட்டியை வச்சு வழி பண்ணணும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். நான்கு அப்சோர்பருக்கும் சேர்த்து சுமார் 20 மில்லிதான் பிடிக்கும். ஆகவே எண்ணெய்க்குப் பஞ்சமில்லை.

ஒரே கம்பெனியின் இரண்டு சிலிக்கோன் எண்ணெய்களைக் கலக்கலாம். 300ஐயும் 500ஐயும் பாதிக்குப் பாதி கலந்தால் 400 வரும் என்றுதான் நினைப்போம். சரியாக அப்படி வராது. இளகிய எண்ணெய் தன் பக்கம் சற்று இழுக்கும். 390க்குச் சற்றுக் கீழே நிற்கும். எங்கள் திடலுக்கு அது போதும். அளவெடுக்க மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சு.

ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னேன். தேதி, நேரம், மண் ஈரமா காய்ந்ததா, முன்னால் என்ன எண்ணெய், பின்னால் என்ன எண்ணெய், கார் என்ன செய்தது. ஒரு சட்டம் மட்டும் வைத்தேன்: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எண்ணெயை மாற்றினால் ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. இரண்டையும் மாற்றினால் எதனால் சரியானது என்பது தெரியாமலே போகும். குழம்பில் உப்பையும் புளியையும் ஒன்றாகக் கூட்டிவிட்டு ருசி பார்க்கிற மாதிரி.

திடலுக்குப் போகுமுன் மேசையில் ஒரு சோதனை உண்டு. பேட்டரியைப் போட்டு, காரை மேசைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் சமமாகப் பிடித்து விட்டுவிட வேண்டும். விழுந்து மீண்டும் மீண்டும் துள்ளினால் எண்ணெய் இளகல். அமராமல் கட்டைபோல் மோதி நின்றால் கெட்டி. வயிறு மேசையைத் தொட்டும் தொடாமலும் அமர்ந்து, ஒரே தடவை நிதானமாக எழுந்து நின்றால் சரி.

முதலில் நான்கிலும் 300. துள்ளல் அதிகமில்லை, ஆனால் மேட்டிலிருந்து இறங்கும்போது மூக்கு மண்ணில் குத்தியது. பிறகு முன்பக்கம் மட்டும் கலந்த எண்ணெய், பின்பக்கம் 300. அது எங்கள் மண்ணுக்குப் பொருந்தியது. ஆனால் இடது திருப்பத்தில் மட்டும் ஏதோ கோணல். நோட்டில் மூன்று நாள் தொடர்ந்து "இடது பக்கம் சரியில்லை" என்றே எழுதியிருந்தான்.

அன்று மாப்பிள்ளை சீக்கிரம் வந்துவிட்டார். ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு தரையில் உட்கார்ந்து, பின் அப்சோர்பர் இரண்டையும் கழற்றி, இரண்டு கையிலும் ஒன்றாக அமுக்கி விட்டுப் பார்த்தார். "அத்தே, இங்க பாருங்க. இது எழுந்து வர்றது வேற மாதிரி இருக்கு. உள்ள காத்து நிக்குது" என்றார். லாரி பிரேக்கில் காற்று நின்றால் என்ன ஆகும் என்று பையனுக்கு விளக்கினார். பையன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பதினைந்து நாளாகப் பேசாதவர்கள் அன்று இரவு பதினொரு மணிவரை அந்தக் குழாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாசம் முடிந்தது. கார் விற்கப்படவில்லை.

ஊற்றும் முறையும் எச்சரிக்கையும்

காற்று நிற்காமல் ஊற்றும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். குழாயை நிமிர்த்திப் பிடித்து எண்ணெயை ஊற்றுங்கள். கம்பியை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால் குமிழிகள் கிளம்பும். பத்து நிமிடம் அப்படியே நிற்க வையுங்கள். குமிழி அடங்கிய பிறகு விளிம்பு வரை நிரப்பி, மூடியைப் போட்டு, வழிந்ததைத் துடையுங்கள். முன் ஜோடியை ஒன்றோடொன்றும், பின் ஜோடியை ஒன்றோடொன்றும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணெய் சாம்பல் நிறமாக மாறினால் தூசும் தேய்ந்த உலோகத் தூளும் கலந்துவிட்டது என்று பொருள். மாற்றிவிடுங்கள்.

கடையில் இதே மாதிரிப் புட்டியில் 3000, 5000, 10,000 என்றும் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். அது பல்சக்கரப் பெட்டிக்கு உரியது. அப்சோர்பரில் ஊற்றினால் கம்பி அசையாது.

சிலிக்கோன் எண்ணெய் தரையில் சிந்தினால் வழுக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் உடனே சோப்புப் போட்டுத் துடைக்க வேண்டும். எண்ணெய்க் கையோடு மோட்டார் சைக்கிள் பிரேக்கைத் தொடக்கூடாது. சாயம் அடிக்கப் போகும் சாமான்மேல் பட்டால் சாயம் பிடிக்காது, குழி குழியாக விழும். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் புட்டியை வையுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்கிக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் குடும்பங்களின் வருமானம் எனக்குத் தெரியாதா? இரண்டு புட்டியோடு நிறுத்தியதால்தான் பேரன் கலக்கவும், அளக்கவும், எழுதவும் கற்றுக்கொண்டான். கேட்டபோதெல்லாம் புதுப் புட்டி கிடைத்திருந்தால் ஒன்றும் கற்றிருக்க மாட்டான்.

ஆனால் "பொம்மை" என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். கையில் தொட்டு, கழற்றி, ஏன் என்று கேட்டு, எழுதிப் பார்க்கிற பழக்கம் பள்ளிப் பரீட்சையில் மட்டும் வருவதில்லை. புத்தகத்தில் பின்தங்கி, கைவேலையில் முன்னால் நிற்கும் பிள்ளைகள் நம்மில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் வழி உண்டு. நாட்டின் முதல் போலிடெக்னிக்கான உங்கு ஓமார் போலிடெக்னிக் 1969இல் தொடங்கப்பட்டது நம் ஈப்போவில்தான். தொழிற்பயிற்சி நிலையமும் ஈப்போவில் இருக்கிறது. இன்று சுண்டுவிரல் பருமனுள்ள குழாயில் காற்றை வெளியேற்றத் தெரிந்தவன், நாளைக்கு லாரியிலும் பஸ்ஸிலும் அதைச் செய்வான். செய்யாமல் வேறு வேலைக்குப் போனாலும், ஒரு பொருளை விலையையும் பெரிய எழுத்தையும் பார்த்து வாங்கக்கூடாது என்ற புத்தி அவனோடு இருக்கும்.

எங்கள் காலத்தில் மெட்ரோலேக்கில் என்ன எண் விழுந்தது என்று எட்டிப் பார்க்கக்கூட எங்களுக்குத் தைரியம் வராது. ஏட்டில் எழுதியதை வாங்கிக்கொண்டு வந்தோம். என் பேரன் இப்போது கடைக்குப் போனால் புட்டியைத் திருப்பி, "தவுக்கே, இது எத்தனை சென்டிஸ்டோக்ஸ்?" என்று கேட்கிறான். உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுங்கள். எண்ணெய்க்கு மட்டுமல்ல, சம்பளச் சீட்டுக்கும், கடன் பத்திரத்துக்கும், தராசுக்கும் அது பொருந்தும்.